தந்தியில் வந்த போர்

போன மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் முதல் உலகப்போரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வந்திருந்த சிலர் எழுதித் தரச் சொன்னதால், குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியபடியே எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு தம்பி எழுந்து கேட்ட கேள்வியையும் விட்டுவிடவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லோருக்கும் வணக்கம்.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. தந்தி ஆபீசில் வேலை பார்த்தவன். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள், இங்கே இருக்கும் பிள்ளைகள் தந்தியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் தெரியும். வாசலில் சைக்கிள் வந்து நின்று "தந்தி" என்று ஒரு குரல் கேட்டால், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே உள்ளே ஒரு பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார். பையனுக்கு வேலை கிடைத்த சேதியாகக்கூட இருக்கும். ஆனாலும் முதலில் அழுகைதான்.

தந்தி கொடுக்க ஒரு படிவம் உண்டு. மேலே யாருக்குப் போக வேண்டும், அதற்குக் கீழே சேதி. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. கடைசியில் ஒரு பகுதி இருக்கும், அதில் எழுதுவது கம்பியில் போகாது, அதற்குக் காசும் கிடையாது. ஆனால் அங்கே அனுப்புகிறவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிடுவோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இதற்கு வருவேன்.

நம் ஊரில் கெட்டிக்காரத்தனமும் கொஞ்சம் முரட்டுத்தனமும் கலந்த ஆளைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்" என்று சொல்வோம். என் அம்மா என்னைப் பலமுறை சொல்லியிருக்கிறார், அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்துக்குள் 125 குண்டுகளுக்கு மேல் சுட்டுவிட்டு, இருட்டில் மறைந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. ஐந்து பேராவது செத்துப்போனார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவர் அருகே ஒரு குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது, போனால் பாருங்கள். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

சரி, இதில் என் கேள்வி என்னவென்றால், சரயேவோ என்ற ஊரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது 1914 ஜூன் 28. அங்கிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு 86 நாள். அந்த 86 நாளில் என்ன நடந்தது? சரயேவோ எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருவர் இங்கே கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஏன் சாக வேண்டும்?

பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: இளவரசர் சுடப்பட்டார், போர் மூண்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தைத்தான் நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லப்போகிறேன்.

பிரான்ஸ் ஃபெர்டினாண்ட், ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்துக்கு உரியவர். மனைவி சோஃபி. அரச குடும்பத்துக்குச் சமமான குலத்தில் பிறந்தவர் இல்லை என்பதால், சோஃபியின் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பே இளவரசரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அவர்கள் போன சரயேவோ இருக்கும் போஸ்னியாவை ஆஸ்திரியா 1908-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பக்கத்து நாடான செர்பியாவுக்கு அதில் கடும் கோபம். போஸ்னிய இளைஞர்கள் சிலர், பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாத பையன்கள், செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆயுதம் வாங்கிக்கொண்டு வந்து ஊர்வலப் பாதையில் வரிசையாக நின்றார்கள். செர்பிய ராணுவ உளவுப்பிரிவு ஆட்களின் கை அதில் இருந்தது. ஒருவன் எறிந்த குண்டு இளவரசரின் காரில் பட்டுத் தெறித்துப் பின்னால் வந்த காரைத் தாக்கியது. எறிந்தவன் சயனைடு தின்றுவிட்டு ஆற்றில் குதித்தான். சயனைடு வேலை செய்யவில்லை, ஆற்றிலும் ஆழம் இல்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் இளவரசர் காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார், பாதையை மாற்றினார்கள், மாற்றியதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. பழைய வழியில் திரும்பிய காரை நிறுத்திப் பின்னால் எடுக்கப் பார்த்த இடத்தில், சில அடி தூரத்தில், காவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்தான். வயது 19. இரண்டு குண்டு. இருவரும் இறந்தார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தத் தம்பி எழுந்து கேட்டான்: "ஐயா, அந்த டிரைவர் சரியான ரோட்டில் போயிருந்தால் உலகப்போரே வந்திருக்காதா?"

நல்ல கேள்வி. பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு தப்பான திருப்பம், ஒரு கோடிக்கும் மேல் உயிர். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்த ஓட்டுநர் ஒரு தெருவில் தப்பாகத் திரும்பினார், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு மாதம் முழுக்க, ஐந்தாறு தலைநகரங்களில், நன்றாகப் படித்த, அனுபவமுள்ள, பெரிய மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர்கள் ஒவ்வொரு முடிவாக எடுத்தார்கள். ஒவ்வொரு முடிவும் தந்தியாகப் போனது. ஒவ்வொரு தந்தியையும் யாரோ ஒருவர் எழுதினார். பழியை ஓட்டுநர் தலையில் கட்டினால் படிவத்தின் அடியில் இருக்கும் பெயர்கள் எல்லாம் தப்பித்துவிடும். அந்தப் பெயர்களைப் பார்ப்போம்.

முதலில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா. அங்கே தலைமைத் தளபதி கொன்ராட், செர்பியாவை அடிக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர். அதைத் தடுத்துவந்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? செத்துப்போன இளவரசர்தான். இப்போது தடுக்க ஆள் இல்லை. ஆனாலும் செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா இருக்கிறதே என்று பயம். அதனால் ஜெர்மனியைக் கேட்டார்கள். ஜூலை 5-ஆம் தேதி ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், நீங்கள் எது செய்தாலும் நாங்கள் கூட நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக். கொடுத்துவிட்டு மறுநாளே நார்வே பக்கம் கப்பலில் கோடைப் பயணம் கிளம்பிவிட்டார்.

ஜூலை 23 மாலை, செர்பியாவிடம் பத்து நிபந்தனைகள் கொண்ட கடிதம். கெடு 48 மணி நேரம். அந்தத் தேதியைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் வைத்தார்கள். பிரெஞ்சு அதிபர் அப்போது ரஷ்யாவுக்கு அரசுமுறைப் பயணம் போயிருந்தார், அவர் அங்கிருந்து கப்பல் ஏறிய பிறகே கடிதத்தைக் கொடுக்க வேண்டும், இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து கலந்து பேசக்கூடாது என்பது ஏற்பாடு. 25-ஆம் தேதி கெடு முடியச் சில நிமிடம் இருக்கும்போது செர்பியப் பிரதமர் பாஷிச் தன் கையாலேயே பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்திருந்தார்கள், எங்கள் மண்ணில் உங்கள் அதிகாரிகள் வந்து விசாரணையில் உட்காருவதை மட்டும் ஏற்க முடியாது என்றார்கள். ஆஸ்திரியத் தூதர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பெட்டிகளோடு ரயில் ஏறிவிட்டார்.

கப்பலிலிருந்து திரும்பிய வில்ஹெல்ம் 28-ஆம் தேதி காலையில் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, போருக்கான காரணமே இனி இல்லை என்று எழுதினார். எழுதினாரே தவிர, அன்றைக்கே ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் அறிவித்துவிட்டது.

எப்படி அறிவித்தார்கள்? தந்தியில். அதற்கு முன் தூதர் போய் நேரில் சொல்வதுதான் வழக்கம். தூதர்தான் கிளம்பிவிட்டாரே. சாதாரணத் தந்திக் கம்பியில், ருமேனியா வழியாகச் சுற்றி, நிஷ் என்ற ஊருக்கு வந்தது. செர்பிய அரசு பெல்கிரேடைக் காலி செய்துவிட்டு அங்கேதான் இருந்தது. பாஷிச் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது அது அவர் கைக்குப் போனது. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். இத்தனை வருடம் தந்தி அடித்தவன் நான், அந்தத் தந்தியைக் கையால் எழுதி எடுத்த நிஷ் ஊர்க் குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கும். அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அன்று இரவே பெல்கிரேடின் மீது குண்டு விழ ஆரம்பித்தது.

அடுத்து ரஷ்யா. இங்கே ஒரு உறவுக் கணக்கைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் அத்தை மகன், வயதிலும் மூத்தவர், நம் கணக்கில் அத்தான். ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் அதே ஜார்ஜுக்குச் சித்தி மகன், அதாவது தம்பி முறை. இந்த வில்ஹெல்மும் நிக்கோலஸும் ஜூலை 29-இலிருந்து ஆகஸ்ட் 1 வரை மாற்றி மாற்றித் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில். "நிக்கி" என்று ஒருவர், "வில்லி" என்று ஒருவர், செல்லப் பெயரில் கையெழுத்து. என்னைக் கட்டாயப்படுத்துகிறார்கள், நீதான் உன் கூட்டாளியை அடக்க வேண்டும் என்று நிக்கோலஸ். நீ படை திரட்டினால் நான் எப்படிச் சமாதானம் செய்வது என்று வில்ஹெல்ம். 29-ஆம் தேதி இரவு நிக்கோலஸ் முழுப் படைதிரட்டல் உத்தரவை நிறுத்திக்கூட வைத்தார். மறுநாள் அமைச்சரும் தளபதிகளும் உட்கார்ந்து பேசிப் பேசி மறுபடி கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அந்தக் கையெழுத்து தந்தியாக ரஷ்யா முழுக்கப் போனது. உறவு முறைச் சொல்லெல்லாம் அன்றோடு சரி.

படைதிரட்டல் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் போரைப் புரிந்துகொள்ள முடியாது. வயல்களிலும் ஆலைகளிலும் இருக்கும் லட்சக்கணக்கான ஆண்களை ஒரே வாரத்தில் கூப்பிட்டு, உடுப்பும் துப்பாக்கியும் கொடுத்து, குதிரை, பீரங்கி, ரொட்டி எல்லாவற்றோடும் எல்லைக்கு ஏற்றி அனுப்புவது. எல்லாம் ரயிலில். ஜெர்மனியின் திட்டத்தில் 11,000 ரயில்கள். கொலோன் நகரத்து ரைன் பாலத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். இந்தக் கால அட்டவணையை வருடக்கணக்காக உட்கார்ந்து போட்டிருந்தார்கள், அந்த அட்டவணை ஒரே ஒரு போருக்குத்தான் பொருந்தும்: முதலில் பெல்ஜியம் வழியாகப் பிரான்சை அடித்து முடிக்க வேண்டும், அப்புறம் திரும்பி ரஷ்யாவை. அதாவது சண்டை ரஷ்யாவோடு ஆரம்பித்தாலும் முதல் அடி பெல்ஜியத்துக்கு. பெல்ஜியம் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1 மாலை ஒரு சம்பவம். ஜெர்மனி ரஷ்யாவின் மீது போர் அறிவித்துவிட்டது. அந்த நேரத்தில் லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து ஒரு தந்தி. பிரான்சைத் தொடாமல் இருந்தால் இங்கிலாந்து ஒதுங்கி நிற்கலாம் என்கிற மாதிரி அதில் இருந்தது. வில்ஹெல்முக்கு ஒரே சந்தோஷம். தலைமைத் தளபதி மோல்ட்கேயைக் கூப்பிட்டு, அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்கள் என்றார். மோல்ட்கே முடியாது என்றார். லட்சக்கணக்கானவர்களின் ஏற்பாட்டை ஒரு ராத்திரியில் மாற்ற முடியாது, போட்டது போட்டதுதான் என்றார். ஒரு பேரரசர் பாதி போரையாவது நிறுத்தலாம் என்று பார்க்கிறார், ரயில் அட்டவணை இடம் கொடுக்கவில்லை. இரவு லண்டனிலிருந்து மன்னர் ஜார்ஜின் தந்தி வந்தது, ஏதோ தவறான புரிதல் என்று. தளபதியை மறுபடி கூப்பிட்டு, இனி உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார் பேரரசர்.

பெல்ஜியத்துக்குப் போன எச்சரிக்கை இன்னும் கொடுமை. அந்தக் கடிதத்தை ஜூலை 29-ஆம் தேதியே முத்திரை வைத்த உறையில் பிரசல்ஸில் இருந்த ஜெர்மன் தூதருக்கு அனுப்பிவிட்டார்கள், தந்தி வந்தால் மட்டும் பிரி என்று. பேச்சுவார்த்தை, சமாதானம், வில்லி, நிக்கி எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அந்த உறை அங்கே இரும்புப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 2 தந்தி வந்தது, பிரித்தார். எங்கள் படைக்கு வழிவிடு, 12 மணி நேரத்தில் பதில் சொல். பெல்ஜியம் முடியாது என்றது. 4-ஆம் தேதி படை உள்ளே நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்போம் என்று 1839-இல் இங்கிலாந்தும் ஜெர்மனியின் முன்னோடியான பிரஷ்யாவும் கையெழுத்துப் போட்டிருந்தன. அந்த ஒப்பந்தத்தைத்தான் ஜெர்மன் பிரதமர் ஒரு காகிதத் துண்டு என்று சொன்னார். அன்று இரவு லண்டனில் மணி 11 அடித்தபோது இங்கிலாந்தும் போரில் இறங்கிவிட்டது. பெல்ஜியம் ஒன்றுதான் காரணம் என்று நான் நம்பவில்லை, எதிர்க்கரைத் துறைமுகங்கள் ஜெர்மனி கையில் போவதை இங்கிலாந்து ஒருநாளும் பொறுத்திருக்காது.

இதுவரை இது ஐரோப்பியப் போர். இனிமேல்தான் உலகப்போர்.

இங்கிலாந்து இறங்கியது என்றால் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா எல்லாம் இறங்கியது என்று அர்த்தம். இந்தியாவில் யாரையும் கேட்கவில்லை. வைசிராய் ஹார்டிங் அறிவித்தார், முடிந்தது. இந்த நிலத்தில் 30 கோடிக்கு மேல் மனிதர்கள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 5 விடிவதற்குள் இங்கிலாந்து செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? துப்பாக்கி தூக்கவில்லை. அலர்ட் என்ற ஒரு சின்னக் கேபிள் கப்பலை அனுப்பி, ஜெர்மனியிலிருந்து கடலுக்கு அடியில் போகும் ஐந்து தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டது. அந்தக் கம்பிகள் கிளம்பிய ஜெர்மன் துறைமுக ஊரின் பெயர் எம்டன். நம் எம்டன் கப்பலுக்குப் பெயர் வந்தது அந்த ஊரிலிருந்துதான். கம்பி போனதும் ஜெர்மனிக்கு மிச்சம் இருந்தது கம்பியில்லாத் தந்தி. ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் கமினா என்ற இடத்தில் ஒரு பெரிய நிலையத்தை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள், அங்கிருந்து பெர்லின் பக்கம் நேராகப் பேசலாம், கடலில் திரியும் கப்பல்களுக்கும் சேதி தரலாம். ஆகவே போர் நேராக டோகோவுக்குப் போனது. பிரிட்டிஷ் தரைப்படையின் முதல் துப்பாக்கிச் சூடு பிரான்சில் நடந்தது என்று நினைப்பீர்கள், அங்கே முதல் சூடு ஆகஸ்ட் 22. அதற்கு முன்பே டோகோவில் கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) படையைச் சேர்ந்த அல்ஹாஜி குருன்ஷி என்ற ஆப்பிரிக்கர் சுட்டுவிட்டார். ஆகஸ்ட் 26-இல் டோகோ சரணடைந்தது. அந்த நிலையத்தை ஜெர்மானியர்களே தகர்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

தீ பரவுவது மாதிரி போர் பரவியது என்று எழுதுகிறார்கள். தீ பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். இது ஸ்விட்சர்லாந்தைத் தொடவில்லை, டோகோவுக்குப் போனது. கம்பி எங்கே போகிறதோ, கரி நிரப்பும் துறைமுகம் எங்கே இருக்கிறதோ, அடிமைப்பட்ட நாடு எங்கே இருக்கிறதோ அங்கே போனது.

பசிபிக் பக்கம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முடிவதற்குள் நியூசிலாந்து ஜெர்மன் சமோவாவைப் பிடித்தது, செப்டம்பரில் ஆஸ்திரேலியா நியூகினியில் இறங்கியது. ஜப்பானுக்கு இங்கிலாந்தோடு 1902-இலிருந்து ஒப்பந்தம். கடலில் ஜெர்மன் கப்பல்களைத் தேட உதவுங்கள் என்று இங்கிலாந்து கேட்க, ஜப்பான் அதைவிடப் பெரிய வாய்ப்பைப் பார்த்தது. ஆகஸ்ட் 23-இல் போர் அறிவித்து, சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் துறைமுகத்தை நவம்பரில் பிடித்தது. அதற்காக நடுநிலையில் இருந்த சீனாவின் மண்ணில் படையை இறக்கியது. சீனாவை யார் கேட்டார்கள்? அந்தத் துறைமுகத்தைத் திரும்ப வாங்கலாம் என்ற நம்பிக்கையில் சீனா 1917-இல் தானும் போரில் சேர்ந்தது. அதன் உழைப்பாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பதுங்குகுழி வெட்டினார்கள், பிணம் புதைத்தார்கள். போர் முடிந்து 1919-இல் அந்த இடத்தை ஜப்பானுக்கே கொடுத்தார்கள்.

சிங்டாவிலிருந்து போருக்குச் சற்று முன் கிளம்பிய கப்பல்தான் எம்டன். மற்ற ஜெர்மன் கப்பல்கள் தென் அமெரிக்கா பக்கம் போக, கேப்டன் முல்லர் மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தார். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலில் பொய்யாக நான்காவதையும் கட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கிலேயக் கப்பல் மாதிரி தெரிய வைத்தார். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். பிடித்த கப்பலில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடித்தார், எதிரிகளே அதை மெச்சினார்கள். சென்னை, அப்புறம் பினாங்கு. கடைசியில் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்கப் போனார். உடைப்பதற்குள் அங்கிருந்த தந்தி ஊழியர்கள் அடையாளம் தெரியாத கப்பல் வந்திருக்கிறது என்று சேதி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் படைகளைக் காவல் காத்துக்கொண்டு பக்கத்தில் போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற போர்க்கப்பல் வந்துவிட்டது. எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். என் தொழில்காரர்கள் செய்த வேலை என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, ஆனால் அந்த எண்ணிக்கையைப் படித்த பிறகு பெருமை அவ்வளவாக நிற்பதில்லை.

உதுமானியப் பேரரசு, அதாவது அன்றைய துருக்கி, எப்படி வந்தது என்பதும் கப்பல் கதைதான். துருக்கியர்கள் இங்கிலாந்தில் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கட்டச் சொல்லியிருந்தார்கள். மக்களிடம் வசூலித்த நன்கொடையும் அதில் இருந்தது. கப்பலை எடுத்துப்போகத் துருக்கிய மாலுமிகள் வந்தே விட்டார்கள். அந்த நேரத்தில் இங்கிலாந்து இரண்டையும் எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் கொதித்தது. பத்தே நாளில், ஆங்கிலேயர்கள் துரத்த, இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் அங்கே வந்து சேர்ந்தன. ஜெர்மனி அவற்றைத் துருக்கிக்கே கொடுத்ததாக அறிவித்தது. அதே மாலுமிகள், தலையில் மட்டும் துருக்கித் தொப்பி. அக்டோபர் 29-ஆம் தேதி அந்தக் கப்பல்களும் துருக்கியக் கடற்படையும் போய் ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகங்களைச் சுட்டன. இப்படி மேற்கு ஆசியா முழுவதும் போருக்குள் வந்தது. ஒரு வாரம்தான், நவம்பர் 6-இல் இந்தியப் படை ஈராக்கின் முகத்துவாரத்தில் ஃபாவ் என்ற இடத்தில் இறங்கிவிட்டது. பக்கத்தில் அபாதானில் எண்ணெய் ஆலை, அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை பிரிட்டிஷ் அரசு அந்த வருடம்தான் வாங்கியிருந்தது. அந்தப் படைதான் உள்ளே உள்ளே போய், குத் என்ற ஊரில் ஐந்து மாதம் முற்றுகையில் பட்டினி கிடந்து, 1916 ஏப்ரலில் சுமார் 13,000 பேராகச் சரணடைந்தது. பெரும்பாலோர் இந்தியர்கள்.

துருக்கி வந்ததும் சிங்கப்பூர் வெடித்தது. அங்கே இருந்த ஐந்தாம் காலாட்படையில் வட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள். தங்களைத் துருக்கி சுல்தானுக்கு எதிராகச் சண்டை போட அனுப்பப்போகிறார்கள் என்று வதந்தி. உண்மையில் ஹாங்காங்குக்குத்தான் அனுப்ப இருந்தார்கள், அதை அவர்கள் நம்பும்படி யாரும் சொல்லவில்லை. அவர்கள் காவல் காத்த கைதிகளில் எம்டன் ஆட்களும் இருந்தார்கள். 1915 பிப்ரவரி 15-இல் கலகம். அடக்கிய பிறகு 47 பேரைச் சிறைச் சுவர் ஓரம் நிறுத்தி, ஊர் மக்கள் திரண்டு பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கு நெஞ்சில் உறுத்துகிற பகுதி. 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய டான்சானியாவில், டாங்கா என்ற துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து 8,000 பேரை அனுப்பினார்கள். அதில் ஒரு படைப்பிரிவின் பெயர் 63-ஆவது பாளையங்கோட்டைக் காலாட்படை. ஆமாம், நம் பாளையங்கோட்டைதான். சென்னை மாகாணத்து ஆட்கள், தமிழர்களும் இருந்த படை. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, கடல் குமட்டலில் வாடி வதங்கி இறங்கியவர்களைக் காட்டுக்குள் விட்டார்கள். கரையை வேவு பார்க்கவும் இல்லை. போதாததற்கு, தாக்கப்போகிறோம் என்று கடற்படை அதிகாரி ஒருவர் ஜெர்மானியர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்துவிட்டார். எதிரே லெட்டோவ்-ஃபோர்பெக் என்ற தளபதியும் ஆயிரம் பேர் அளவிலான ஆப்பிரிக்க, ஜெர்மன் வீரர்களும். சுடும் சத்தத்தில் கலைந்த காட்டுத் தேனீக்கள் வேறு கொட்டித் தீர்த்தன. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. ஓடினார்கள் என்று ஆங்கில நூல்களில் இளக்காரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன ஊர், எதற்குச் சண்டை, எதிரி யார் என்று ஒரு வார்த்தை தெரியாமல் கடல் கடந்து வந்த தென்னாட்டுப் பையன் அந்தக் காட்டில் ஏன் நின்று சாக வேண்டும் என்று அந்த நூல்கள் கேட்கவில்லை. அங்கே செத்தவர்களும் நம்மவர்கள்தான்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். பக்கத்து நாட்டில், இன்றைய மலாவியில், ஜான் சிலெம்ப்வே என்ற ஆப்பிரிக்கப் பாதிரியார். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் ஏன் எங்கள் ஆட்களைச் சாகக் கூப்பிடுகிறீர்கள், சமாதான காலத்தில் எல்லாம் உங்களுக்கு, போர்க்காலத்தில் மட்டும் நாங்களா என்ற பொருளில் 1914 நவம்பரில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வெளியே வரவிடாமல் தடுத்துவிட்டார்கள். 1915 ஜனவரியில் கிளர்ச்சி செய்தார், சில நாளில் சுட்டுக் கொன்றார்கள்.

பிரான்சுக்குப் போன இந்தியப் படையைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். செப்டம்பர் 26-இல் மார்சேய்யில் இறங்கினார்கள், பருத்திச் சீருடையோடு குளிர்காலத்துக்குள் போனார்கள். மொத்தப் போரிலும் இந்தியாவிலிருந்து வெளியே போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், திரும்பாதவர்கள் 70,000-க்கும் மேல்.

கடைசியாக அமெரிக்கா. ஆகஸ்ட் 5-இல் அறுத்த அந்தக் கம்பியை மறந்துவிடாதீர்கள். கம்பி இல்லாததால் ஜெர்மனி சில தந்திகளை அமெரிக்கத் தூதரகக் கம்பி வழியாகவே அனுப்ப அனுமதி வாங்கியிருந்தது, சமாதானப் பேச்சுக்கு என்று. அந்தக் கம்பி லண்டன் வழியாகப் போனது. 1917 ஜனவரி 16, ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் அதே வழியில் ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார், மெக்சிகோவுக்குச் சேர வேண்டியது. அமெரிக்கா எங்களோடு போருக்கு வந்தால் நீங்கள் எங்கள் பக்கம் வாருங்கள், இழந்த டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பிடிக்க உதவுகிறோம் என்று. ஆங்கிலேயர்கள் இடைமறித்து, சங்கேதத்தை உடைத்து, அமெரிக்காவிடமே கொடுத்தார்கள். மார்ச் 1 பத்திரிகைகளில் வந்தது. பொய், கட்டுக்கதை என்று அமெரிக்காவிலேயே பாதிப் பேர் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து சிம்மர்மனே, ஆமாம், நான் அனுப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்கக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேறு மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஏப்ரல் 6-இல் அமெரிக்கா போரில் இறங்கியது. பின்னால் சயாம் (இன்றைய தாய்லாந்து), சீனா, பிரேசில்.

இந்தப் போரில் படிவத்தின் அடியில் தன் பெயரைத் தானே காட்டிய ஒரே ஆள் என்று எனக்கு சிம்மர்மன்தான் தோன்றுகிறார். மற்றவர்கள் நினைவுக் குறிப்பு எழுதினார்கள். நான் விரும்பவில்லை, சூழ்நிலை அப்படி, எதிரி முந்திக்கொண்டான், எல்லோரும் சேர்ந்து வழுக்கி விழுந்தோம் என்று பக்கம் பக்கமாக. தம்பி கேட்டதற்கு என் பதில் அதுதான். ஓட்டுநர் வழி தவறினார். இவர்கள் வழி தெரிந்தே போனார்கள்.

1918 நவம்பர் 11-இல் ஐரோப்பாவில் போர் நின்றது. டாங்காவில் ஜெயித்த அந்த லெட்டோவ்-ஃபோர்பெக் அப்போதும் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் படையோடு நடந்துகொண்டிருந்தார், நான்கு வருடமாக. போர் நின்ற தந்தி அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய ஆட்கள் இன்றைய ஜாம்பியாவில் மோட்டார் சைக்கிளில் போன ஒரு பிரிட்டிஷ் தூதனைப் பிடித்தார்கள், அவனிடம் இருந்த காகிதத்தில்தான் சேதி இருந்தது. நவம்பர் 25, அபெர்கார்ன் என்ற சிற்றூரில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜெர்மானியர்கள் நூற்றைம்பது பேர், ஆப்பிரிக்க வீரர்கள் ஆயிரத்துச் சொச்சம், அவர்களுக்குப் பின்னால் சுமை தூக்கிவந்தவர்கள்.

அந்தச் சுமை தூக்கிகளை இரண்டு தரப்பும் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போனது. லாரி போகாத, குதிரை தங்காத காடு, மனிதத் தலையில்தான் அரிசியும் தோட்டாவும் போக வேண்டும். பிரிட்டிஷ் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் குண்டடி பட்டு இல்லை, பட்டினியிலும் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும். பலருடைய பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு அதிகாரி செத்தால் வீட்டுக்குத் தந்தி வரும், சாதாரணச் சிப்பாய் என்றால் அச்சடித்த தாளில் பெயரை நிரப்பி ஒரு கடிதமாவது வரும். இவர்களின் ஊர்களில் பலவற்றுக்கு அந்த வருடம் போன பையன் வரவில்லை என்பது மட்டும்தான் சேதி.